உள்ளே ஆள் இருக்கு

கயல், அப்பாதான் எழுதுகிறேன். போனில் பேசினால் மூன்றாவது பேச்சிலேயே உனக்குக் கோபம் வந்துவிடுகிறது. கோபம் வந்தால் நீ இங்கிலீஷுக்குத் தாவிவிடுவாய். உன் இங்கிலீஷுக்கு முன்னால் என்னுடைய கேம்ப் இங்கிலீஷ் கைகட்டி நிற்கும். அதனால்தான் தமிழில், அதுவும் பேனா பிடித்து எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். லீவு நாளில் உன்னை உட்காரவைத்துத் தமிழ் சொல்லிக்கொடுத்தபோது நீ எத்தனை முறை பாத்ரூம் போகிறேன் என்று எழுந்து ஓடினாய் என்பது எனக்கு மறக்கவில்லை. மெதுவாகவே படி. வேகமாகப் படித்தால், நான் சொல்ல வந்ததைச் சொல்வதற்கு முன்பே நீ மனதுக்குள் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவாய்.

நீ கொடுத்துவிட்ட போட்டோக்கள் வந்து சேர்ந்தன. உன் சிநேகிதி துபாயில் இறங்கி, அல் ஐன் வரைக்கும் டாக்ஸி பிடித்து வந்து கொடுத்துவிட்டுப் போனாள். தங்கமான பெண். உன் அம்மா போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பினாள். பேசினால் வீட்டில் இடி விழும் என்று நீதான் சொல்லி அனுப்பியிருப்பாய். உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு. "அப்பா, இதப் பாத்துட்டு சொல்லுங்க. நீங்க வேணாம்னா நான் சேர மாட்டேன்." அவ்வளவுதான். படித்து, சம்பாதித்து, பனி கொட்டும் ஒரு பட்டணத்தில் தனியாக இருப்பவள் நீ. தீயணைப்பு வேலையில் சேர்வதற்கு என் கையெழுத்தை அங்கே யாரும் கேட்கவில்லை. நீயாகவே சேர்ந்துவிட்டு எனக்குப் போட்டோ அனுப்பியிருந்தால் நான் இரண்டு நாள் குதித்துவிட்டு அடங்கியிருப்பேன். நீ கேட்டாய் பார், அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. இந்த மாதக் கடைசிக்குள் நான் பதில் சொல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும் என்றும் தெரியும். தெரிந்துதான் தள்ளிக்கொண்டே வந்தேன். நாள் கடந்துவிட்டால் நான் வேண்டாம் என்று சொன்ன பாவமும் எனக்கு வராது, வேலையும் உனக்கு இருக்காது என்று ஒரு கணக்குப் போட்டேன்.

உன் அம்மா உன் போனை எடுப்பதில்லை. அவள் என்ன சொல்கிறாள் என்று உனக்குத் தெரிய வேண்டும், அதனால் சொல்கிறேன். "இன்சூரன்ஸ் ஆபீஸ்ல ஏசியில உக்காந்து பாத்த வேலைய விட்டுட்டு நெருப்புல குதிக்கப் போறாளாம். அந்த ஊர்ல வேற புள்ளைகளே இல்லியாங்க?" என்றாள். என் மனதிலும் அதேதான் இருந்தது. அவள் வாய்விட்டுச் சொன்னாள், நான் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

போட்டோக்களை அம்மா தூங்கும் மதிய நேரத்தில் எடுத்துப் பார்த்தேன். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், ஓரம் மடிந்து, பழைய சாமான் கடையின் வாசனையோடு. தீயணைக்கிற படம் என்றால் தீ இருக்கும் என்று நினைத்தேன். பெரும்பாலான படங்களில் தீயே இல்லை. எங்கு பார்த்தாலும் பனிக்கட்டி. ஒரு படத்தில் ஏழெட்டு மாடிக் கட்டடம், ஜன்னலுக்கு ஜன்னல் பனி ஆலம் விழுது மாதிரி தொங்குகிறது. இறைத்த தண்ணீரெல்லாம் சுவரிலேயே உறைந்துவிட்டது என்று பின்பக்கம் நீ எழுதியிருந்தாய். இன்னொன்றில் வண்டியோடு சேர்ந்த உயரமான ஏணி, படிக்குப் படி பனி மூடி, அதன் உச்சியில் ஒரே ஒரு ஆள் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். முகம் தெரியவில்லை. குதிரைகள் மேல் கம்பளி போர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள், அவற்றின் மூச்சு புகையாய்ப் போகிறது. ஒருவன் மீசையில் பனி கட்டி, தொப்பியில் பனி வழிந்து இறுகி, கையில் ஏதோ சூடாக ஒரு குவளை வைத்துக்கொண்டு சிரிக்கிறான். அவனைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. எதற்குடா சிரிக்கிறாய், உன்னை எவள் பெற்றாள் என்று வாய்விட்டே கேட்டேன். அதற்கு அடுத்த படத்தில், ஒருவனுடைய கோட்டு உறைந்து விறைத்துப்போய்க் கழற்ற முடியாமல், இரண்டு பேர் அதைத் தட்டித் தட்டி உடைத்து அவனை வெளியே எடுக்கிறார்கள். குழாயில் தண்ணீரை நிறுத்தினால் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும், அதனால் தீ அடங்கினாலும் தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டே நிற்பார்கள் என்றும் எழுதியிருந்தாய். இதையெல்லாம் படித்தால் அப்பனுக்குப் பெருமை வரும் என்று நீ நினைத்தாய். எனக்குப் பயம்தான் வந்தது.

வீட்டில் பேச ஆள் இல்லாததால் படங்களைத் தொழிலாளர் கேம்புக்குக் கொண்டுபோனேன். என் வேலை என்ன என்று நீ சிநேகிதிகளிடம் சொல்லக் கூச்சப்படுவாயே, அந்த கேம்ப் பாஸ் வேலைதான் இன்னமும். பயல்கள் எங்கே தூங்குகிறார்கள், யார் ரூம் மாறினான், யாருக்குக் காய்ச்சல், எந்த பாத்ரூம் அடைத்துக்கொண்டது என்று பார்ப்பது. அதைவிடப் பெரிய வேலை, ரூமுக்குள் ஒளித்துவைத்துச் சமைக்கிற கரண்ட் அடுப்புகளைப் பிடுங்குவதும், கூரையில் இருக்கும் புகை அலாரத்துக்கு அவர்கள் கட்டிவைக்கிற பிளாஸ்டிக் பையைக் கழற்றுவதும்தான். மெஸ் சாப்பாட்டில் பருப்பு என்று ஒரு மஞ்சள் தண்ணீர் வரும். அதைத் தின்ன முடியாமல் பயல்கள் கடுகு, காய்ந்த மிளகாய் போட்டுத் தாளிப்பார்கள். தாளித்தால் அலாரம் கத்தும். கத்தாமல் இருக்கப் பையைக் கட்டுவார்கள். நான் கழற்றுவேன், அவர்கள் கட்டுவார்கள். என்னைப் பார்த்ததும் ரூமுக்கு ரூம் விசில் போகும்.

படங்களைச் சுற்றி ஒரே கூட்டம். செல்வம் என்று ஒரு பையன், அறந்தாங்கிப் பக்கம், ஆவணியில் கல்யாணம் முடித்துவிட்டு லீவிலிருந்து திரும்பியவன். "அண்ணே, இம்புட்டு ஐஸு கெடக்கயில தீ எப்புடிண்ணே புடிக்கும்?" என்றான். பஸ் ஓட்டுகிற பட்டாணியர் குல் பாய், பனி விழும் மலைக்காரர், படத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "டண்டி மே சப் ஆக் ஜலாத்தா ஹை, பாய்" என்றார். குளிர்காலத்தில்தான் எல்லோரும் வீட்டுக்குள் தீ மூட்டுவார்கள், அதனால் குளிர்காலத்தில்தான் வீடுகள் எரியும் என்று சொல்லிவிட்டு, ஏணி உச்சியில் நின்ற ஆளை விரலால் தடவினார். "யே கிஸ்கா பேட்டா ஹை?" இது யார் பெற்ற பிள்ளை என்று கேட்டார். என் மகள் இந்த வேலைக்குப் போகிறாள் என்று வாய்வரை வந்தது. சொல்லாமல் படங்களை வாங்கி உறைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, நீ இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படிக்கும்போது நம் பில்டிங்கில் அலாரம் அடித்தது. லீவு நாள் மதியம், எல்லோரும் பிரியாணி தின்றுவிட்டுப் படுத்திருந்த நேரம். அந்த அலாரம் மாதத்துக்கு ஒரு முறை சும்மா கத்தும், யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நீ அழுது ஆர்ப்பாட்டம் செய்து எங்களைக் கிளப்பினாய். அதோடு விட்டாயா, மாடிக்கு மாடி ஓடிக் கதவைத் தட்டினாய். கடைசியில் லுங்கியும் நைட்டியுமாக மொத்த பில்டிங்கும் கார் பார்க்கிங்கில் நின்றது. நம் வீட்டுக்கு மேலே ஒரு அம்மா சாம்பிராணி போட்டிருக்கிறாள், அவ்வளவுதான். வாட்ச்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எல்லோருக்கும் முன்னால் உன் காதைத் திருகினேன். நீ அழவில்லை. "யாராச்சும் உள்ள இருந்தா?" என்று மட்டும் கேட்டாய். அந்த வயதிலேயே உன்னிடம் இது இருந்திருக்கிறது. எங்களுக்குத்தான் அது பிடிவாதம் என்று பட்டது.

இனி பொங்கல் அன்று நடந்ததைச் சொல்கிறேன். அம்மா உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். இங்கே தை ஒன்று வேலை நாளில் வந்தால் பொங்கலை வார லீவுக்குத் தள்ளிவைப்போம், உனக்குத் தெரியும். கம்பெனியில் பர்மிஷன் வாங்கி, கேம்ப் முற்றத்தில் கேஸ் அடுப்பு வைத்து, மொத்தப் பேருக்கும் பெரிய பானையில் பொங்கல் வைக்க ஏற்பாடு செய்திருந்தேன். காலையில் நல்ல குளிர். பயல்களெல்லாம் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக நின்றார்கள். கரும்பு கூட வந்திருந்தது. ஆனால் செல்வத்துக்கு அது தலைப்பொங்கல். ஊரில் அவன் மாமியார் வீட்டில் அவனுக்குப் பதில் அவன் போட்டோவை வைத்துச் சீர் செய்கிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் பானை வைப்பது, வீடியோ காலில் அவள் பானை பொங்குவதை அவன் பார்ப்பது, அவன் பானை பொங்குவதை அவள் பார்ப்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருக்கிறார்கள். முற்றத்தில் வைத்த பொதுப் பானையில் அவனுக்கு மனசு ஆறவில்லை. நாங்கள் முற்றத்தில் நிற்கும்போது அவன் ரூமுக்குள் கதவைச் சாத்தி, அலாரத்துக்குப் பையைக் கட்டி, கட்டிலுக்கு அடியிலிருந்த கரண்ட் அடுப்பை எடுத்து, சின்னப் பாத்திரத்தில் பாலை ஊற்றி வைத்துவிட்டான்.

சோறோ குழம்போ என்றால் பொங்கி வரும்போது எவனும் இறக்கிவிடுவான். பொங்கல் பால் வழிந்தால்தானே மங்கலம்? வழியட்டும் என்று போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அந்தப் பெண்ணும் அந்தப் பக்கம் குலவை போட்டிருக்கிறாள். பால் வழிந்து அடுப்பு முழுக்க ஓடி, கீழே கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குள் இறங்கிவிட்டது. வெடித்த பொறி, கட்டிலில் தொங்கிய கம்பளியைப் பிடித்தது. இங்கே விற்கும் அந்தப் புசுபுசுக் கம்பளி எப்படி எரியும் என்று உனக்கே தெரியும். கையால் அடித்து அணைக்கப் பார்த்துக் கை வெந்து, கத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தான். போன் உள்ளேயே விழுந்துவிட்டது. அறந்தாங்கியில் அந்தப் பெண் புகையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. அதற்குள் அந்த ரூம் வரிசை முழுக்கப் புகை. எல்லோரையும் முற்றத்தில் நிறுத்திப் பெயர் வாசித்தேன். அது என் வேலை. ஒரு ஆள் குறைந்தது. முருகேசன். செல்வத்தின் ரூம்தான், மேல் கட்டில், நைட் ஷிஃப்ட் முடித்து விடியற்காலை வந்து கம்பளியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்பவன். இடி இடித்தாலும் எழுந்திருக்க மாட்டான். செல்வத்தைக் கேட்டால், மேலே கம்பளி குவிந்துகிடந்தது, ஆள் இருந்தானா என்று பார்க்கவில்லை என்றான். தீயணைப்புக்காரர்களில் ஒருவன் என்னிடம் ஓடிவந்தான். இந்த நாட்டுப் பையன், உன் வயதுதான் இருக்கும், தாடி கூட ஒழுங்காக வளரவில்லை. "கம் நஃபர் தாகில்?" உள்ளே எத்தனை பேர் என்றான். "வாஹித்! வாஹித் நஃபர்!" ஒரே ஒரு ஆள் என்று கத்தி, மூன்றாவது கதவைக் கையை நீட்டிக் காட்டினேன். அவன் வேறு ஒன்றும் கேட்கவில்லை. முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டு, கூட ஒருவனோடு உள்ளே போய்விட்டான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே வந்து "மாஃபி" என்று கையை ஆட்டினான். யாரும் இல்லை. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது, கயல். அவனுடைய கோட்டைப் பிடித்து உலுக்கினேன். மேல் கட்டில், மேல் கட்டில் என்று அரபி, இந்தி, தமிழ் எல்லாவற்றிலும் கத்தினேன். அவன் என்னை ஒரு நொடி பார்த்தான். திரும்பவும் உள்ளே போனான். அவன் போனபின் உள்ளே ஏதோ பெரிதாக இடிந்து விழுந்த சத்தம் கேட்டது. கூரைப் பலகை. பயல்கள் எல்லாம் "ஐயோ" என்றார்கள். அப்போதுதான் பின்னாலிருந்து ஒருவன் ஓடிவந்து என் கையில் போனைத் திணித்தான். காதில் வைத்தால் முருகேசன் குரல். "அண்ணே, நான் சைட்லதாண்ணே இருக்கேன். மாரிக்குக் காச்சலு, அவன் டூட்டிய நான் பாக்குறேன். ஒங்ககிட்ட சொல்ல மறந்துட்டேண்ணே" என்கிறான். டூட்டி மாற்றிக்கொண்டால் என்னிடம் சொல்ல வேண்டும் என்பதை இந்தப் பயல்கள் எவனும் மதிப்பதில்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எரிகிற ரூமுக்குள் ஆள் இல்லை. ஆள் இல்லாத ரூமுக்கு ஒருவன் பெற்ற பிள்ளையை இரண்டு முறை அனுப்பிவிட்டு நிற்கிறேன். அவன் வெளியே வரும்வரை நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். கூட வந்தவன் தோளில் கைபோட்டுக்கொண்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தான். முகமூடியைக் கழற்றினான். முகமெல்லாம் வேர்வை. நான் எழுந்துபோய் அவன் கையைப் பிடித்தேன். முருகேசன் சைட்டில் இருக்கிறான், உள்ளே யாரும் இல்லை, என் தப்பு, மன்னித்துக்கொள், மாலேஷ், மாலேஷ் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அடிப்பான் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் புரிந்துகொண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "மாஃபி நஃபர்?" என்று இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டான். "அல்ஹம்துலில்லா, சதீக்!" ஆண்டவனுக்கு நன்றி, நண்பா என்று என் தோளைத் தட்டிவிட்டு, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து பாட்டில் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். அந்தக் குளிரில் அவன் தலையிலிருந்து ஆவி பறந்தது. அவன் பெயரைக் கூட நான் கேட்கவில்லை.

செல்வத்தின் கை ஆறிவருகிறது. கம்பெனி அவனை என்ன செய்யும் என்று தெரியவில்லை, அவனுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறேன். முருகேசன் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஒரு அறை விட்டேன். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதேன். அவனுக்குக் காரணம் புரியவில்லை, அவனும் அழுதான்.

அன்று சாயந்தரம் வீட்டுக்குப் போய் உன் படங்களை மறுபடி எடுத்தேன், இந்த முறை அம்மாவை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு. முதல் தடவை நான் பார்க்காத ஒன்று ஒரு படத்தில் இருந்தது. கயிறு கட்டித் தடுத்த இடத்துக்கு இந்தப் பக்கம் கூட்டம் நிற்கிறது. கோட்டும் தொப்பியும் போட்டவர்கள், துணி மூட்டை தூக்கியவர்கள், கைக்குழந்தைக்காரி. அதில் ஒருவன் கையை நீட்டி மேலே ஏதோ ஒரு ஜன்னலைக் காட்டுகிறான். அவன் வாய் திறந்திருக்கிறது. அது நான்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். பிறகு கேம்பில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் அந்தப் பையனை உலுக்கியதை, இரண்டாம் முறை அனுப்பியதை, அவன் காலை இழுத்துக்கொண்டு வந்ததை. சமையல்கட்டுக்குப் போனாள். பாத்திரத்தை உருட்டினாள். பிறகு அங்கிருந்தே கேட்டாள். "அந்தப் புள்ளைக்கு நம்ம பொங்கல்ல ஒரு வாயி குடுத்தீங்களா?" கொடுக்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. அதற்கு அவள் என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, கல்யாணமான நாளிலிருந்து அப்படி வாங்கியதில்லை. மறுநாள் காலை ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல் செய்து, அந்தத் தீயணைப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகச் சொன்னாள். போனேன். அந்தப் பையனுக்கு அன்று டூட்டி இல்லை. இருந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அவன் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன், சும்மா சுளுக்கு என்றார்கள். அவனுக்கு எடுத்துவைப்போம் என்று சொன்னார்கள், நம்பித்தான் வந்தேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். போய்ச் சேர். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், அது போகாது. நீ டூட்டிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் நாங்கள் இங்கே உட்கார்ந்து உன் ஊர் நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் இருப்போம். ஆனால் அடுத்தவன் பிள்ளையைக் கைகாட்டி உள்ளே அனுப்பிவிட்டு, என் பிள்ளையை மட்டும் வீட்டுக்குள் பிடித்துவைக்க எனக்கு வாய் வரவில்லை. அம்மா இன்னும் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டிருப்பாள். நீ கூப்பிட்டுக்கொண்டே இரு, எடுப்பாள். எடுத்தால் இங்கிலீஷில் பேசாதே. வேலை கடினம் என்று சொல்லாதே, சாப்பிட்டேன் என்று முதலில் சொல். உள்பனியனை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள். டூட்டியில் உனக்குப் பெரியவர்கள் திரும்பி வா என்று சொன்னால் திரும்பிவிடு, எங்களைப் பார்க்கிங்கில் நிறுத்தியபோது காட்டிய பிடிவாதத்தை அங்கே காட்டாதே.

இன்னும் ஒன்றே ஒன்று. பனி கொட்டும் ஏதோ ஒரு தெருவில், செருப்புக் கூட இல்லாமல் ஓடிவந்த ஒரு ஆள் உன் கோட்டைப் பிடித்து உலுக்கி, உள்ளே ஆள் இருக்கு, உள்ளே ஆள் இருக்கு என்று உனக்குத் தெரியாத ஏதாவது ஒரு பாஷையில் கத்துவான். நீ போவாய். போய்ப் பார்த்தால் அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள். பத்திரமாக வெளியே வா, கயல். வந்து அவனைத் திட்டாதே.

உன் அப்பா